மூன்றாவது சிங்கிள்ஸ்: தாமஸ் கோப்பை இந்தியாவுக்கு வர 73 வருடம் ஏன் ஆனது?

கிருஷ்ணகிரியில் மே மாதம் என்றால் மாங்காய், வேறு பேச்சே கிடையாது. 2022 மே 15ஆம் தேதியும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை மணி. மாமாவின் தோட்டத்துச் செந்தூரா லோடு மண்டியில் எடைக்கு வரிசையில் நிற்கிறது, நான் வண்டி நிழலில் குந்திக்கொண்டு பாங்காக்கில் நடக்கிற ஆட்டத்தை ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, ஷட்டிலா? இதுக்குக்கூட உலகக் கோப்பை இருக்குதா?"

"இது தாமஸ் கோப்பை மாமா. நாடும் நாடும் மோதறது. இந்தியா ஃபைனல் வந்ததே இதுதான் முதல் தடவை."

"அப்ப தோத்துரும்" என்று சொல்லிவிட்டு எடை மேடைப் பக்கம் போய்விட்டார்.

அவர் சொன்னதைக் குறை சொல்ல முடியாது. எதிரில் நின்றது இந்தோனேசியா. அதுவரை 14 தடவை இந்தக் கோப்பையைத் தூக்கிய அணி, நடப்புச் சாம்பியன் வேறு. ஆனால் லோடு இறங்கி, கணக்குச் சீட்டு கைக்கு வருவதற்குள் இந்தியா 3-0 என்று முடித்துவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்த கேள்வி எனக்கு இன்னும் விடவில்லை. 1980இல் பிரகாஷ் படுகோன் ஆல் இங்கிலாந்து என்கிற பெரிய தனிநபர் பேட்மிண்டன் போட்டியை ஜெயித்தார், 2001இல் கோபிசந்த் ஜெயித்தார். தனி ஆளாக உலகத்தையே அடித்தவர்கள் நம்மிடம் இருந்தார்கள். அப்படியிருந்தும் 1949இல் முதல் தடவையாகக் கொடுக்கப்பட்ட ஒரு கோப்பை இங்கே வந்து சேர 2022 ஆகிவிட்டது. ஏன்?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒத்துக்கொள்ளாதவர்கள் கடைசிவரை சண்டை போட்டுக்கொண்டே படிக்கலாம். நாடுகளின் ஒரு மோதலில் மூன்று சிங்கிள்ஸும் இரண்டு டபுள்ஸும் உண்டு. இந்தக் கோப்பையின் சாவி அணியின் மூன்றாவது சிங்கிள்ஸ் ஆட்டக்காரர் கையிலும் முதல் டபுள்ஸ் ஜோடி கையிலும் இருக்கிறது. நாம் ரொம்ப வருடமாக முதல் சிங்கிள்ஸ் ஆளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கோப்பையைக் கொடுத்தவர்

சர் ஜார்ஜ் தாமஸ் ஒரு விசித்திரமான ஆள். ஆல் இங்கிலாந்து போட்டியில் சிங்கிள்ஸ், டபுள்ஸ், மிக்ஸட் எல்லாம் சேர்த்து 21 பட்டங்கள். டென்னிஸில் விம்பிள்டன் ஆடியவர். அதோடு விட்டாரா, சதுரங்கத்திலும் பெரிய கை. 1934-35 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் சதுரங்க மேதைகளான கபபிளாங்காவையும் போட்வின்னிக்கையும் ஒரே தொடரில் தோற்கடித்தவர். 1934இல் சர்வதேச பேட்மிண்டன் சம்மேளனம் தொடங்கியபோது முதல் தலைவர் இவர்தான். டென்னிஸுக்கு டேவிஸ் கோப்பை இருக்கிற மாதிரி ஷட்டிலுக்கும் நாடுகள் மோதுகிற ஒரு கோப்பை வேண்டும் என்று நினைத்து, 1939இல் கோப்பையைக் கொடுத்தார். அந்த வருடமே உலகப் போர் வந்துவிட்டது. கோப்பை ஒன்பது, பத்து வருடம் சும்மா கிடந்தது.

முதல் போட்டி 1948-49 சீசனில். பத்து நாடுகள். இங்கிலாந்தில் உள்ள பிரஸ்டன் நகரில் ஃபைனல். அப்போது வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்த மலாயா, டென்மார்க்கை 8-1 என்று நொறுக்கியது. வோங் பெங் சூன் அந்த அணியில் இருந்தவர், அடுத்த வருடமே ஆல் இங்கிலாந்து சிங்கிள்ஸ் ஜெயித்த முதல் ஆசியர் ஆனார். ஆங்கிலேயர் கொடுத்த கோப்பையை ஆங்கிலேய மண்ணிலிருந்து ஆசியாக்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள், அதற்கப்புறம் 2016 வரை ஐரோப்பாவுக்கு அது திரும்பவே இல்லை. இங்கிலாந்து இன்றுவரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

ஆட்டத்தின் கணக்கு

இந்த இடம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது, முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது.

1949 முதல் 1982 வரை ஒரு மோதலுக்கு ஒன்பது ஆட்டங்கள். ஐந்து சிங்கிள்ஸ், நான்கு டபுள்ஸ், இரண்டு நாளாகப் பிரித்து ஆடுவார்கள். போட்டியும் மூன்று வருடத்துக்கு ஒரு முறைதான். 1964 வரை இன்னொரு கூத்தும் இருந்தது. நடப்புச் சாம்பியன் எங்கேயும் அலைய வேண்டாம், மற்ற நாடுகள் எல்லாம் அடித்துக்கொண்டு வந்த பிறகு கடைசி மோதலுக்கு மட்டும் வந்து நின்றால் போதும். 1984 முதல் பெண்களுக்கான ஊபர் கோப்பையோடு சேர்த்து இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்று ஆக்கி, ஆட்டத்தை ஐந்தாகக் குறைத்தார்கள். மூன்று சிங்கிள்ஸ், இரண்டு டபுள்ஸ். முதலில் மூன்று ஜெயிப்பவருக்கு அந்த மோதல்.

இப்போது கூட்டிப் பாருங்கள். உங்களிடம் உலகத்திலேயே நம்பர் ஒன் ஆட்டக்காரர் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் ஒரே ஒரு பாயிண்ட்தான் தருவார். ஒருவர் ஒரே மோதலில் இரண்டு சிங்கிள்ஸ் ஆட முடியாது, அவரையே டபுள்ஸிலும் இறக்கினால் மூச்சு வாங்கிவிடும். மற்ற இரண்டு பாயிண்ட் எங்கிருந்து வரும்? அதுவும் வரிசையை நம் இஷ்டத்துக்கு வைக்க முடியாது, உலகத் தரவரிசைப்படிதான் முதல், இரண்டாம், மூன்றாம் சிங்கிள்ஸ் ஆட வேண்டும். நம் முதல் ஆளை அவர்களுடைய மூன்றாவது ஆளோடு மோதவிட்டு சுலபமாக ஒரு பாயிண்ட் எடுக்கலாம் என்கிற தெருமுனைத் தந்திரம் இங்கே எடுபடாது.

பழைய முறையில் முதல் இரண்டு ஆட்டக்காரர்கள் ஆளுக்கு இரண்டு சிங்கிள்ஸ் ஆடுவார்கள், ஆனாலும் ஒரே ஆளை நம்பி ஜெயிக்க முடியாது. ஐந்து பாயிண்ட் தேவை. இந்தியா 1952, 1955, 1979 என்று மூன்று தடவை அரையிறுதிக் கட்டம் வரை போயிருக்கிறது. 1979இல் பிரகாஷ் படுகோன் நல்ல ஃபார்மில் இருந்த காலம், அடுத்த வருடம்தான் ஆல் இங்கிலாந்து ஜெயிக்கப் போகிறார். ஆனால் ஜகார்த்தாவில் டென்மார்க்கிடம் தோற்றோம். அந்த டென்மார்க்கை ஃபைனலில் இந்தோனேசியா 9-0 என்று ஒரு ஆட்டம்கூட விடாமல் துடைத்தெடுத்தது. ஆள்பலம் என்றால் அதுதான்.

எங்கள் கதையும் இதுதான்

தலைப்புக்குச் சம்பந்தமில்லாத மாதிரி தெரியும், ஆனால் எனக்கு இந்தக் கணக்கு புரிந்ததே தர்மபுரியில் ஒரு டீம் மேட்ச் தோற்றபோதுதான். மூன்று டபுள்ஸ், இரண்டு ஜெயித்தால் போதும். கிருஷ்ணகிரியிலிருந்து ஆறு பேர் போனோம். எங்களில் இரண்டு பேர் நிஜமாகவே நல்ல ஆட்டக்காரர்கள். அவர்களைப் பிரித்து வைக்கலாமா சேர்த்து வைக்கலாமா என்று காவேரிப்பட்டணம் தாண்டும்வரை வண்டியில் சண்டை. சேர்த்தே வைத்தோம். அவர்கள் முதல் ஆட்டத்தை 21-9, 21-11 என்று அடித்துத் துவைத்தார்கள், நாங்கள் கைதட்டினோம், அப்புறம் மீதி இரண்டு ஜோடியும் வரிசையாகத் தோற்றுவிட்டு டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். கடைசி ஜோடியில் நானும் ஒருத்தன். எதிர் டீமில் ஒருவர்கூட எங்கள் புலிகள் அளவுக்கு ஆடுகிறவர் கிடையாது, ஆனால் ஆறு பேரும் ஒரே அளவு. "அண்ணா, உங்க டீம் ரெண்டு பேரு டீம்ணா" என்று அங்கே ஒரு பையன் சிரித்துக்கொண்டே சொன்னான். வலித்தது, ஆனால் சரியாகத்தான் சொன்னான்.

இரண்டு பேர் டீம். இதே வியாதியில் மாட்டிய பெரிய நாடு ஒன்று உண்டு, மலேசியா.

2014, டெல்லி. ஃபைனலில் மலேசியாவும் ஜப்பானும். மலேசியாவில் லீ சோங் வெய், அன்றைக்கு உலகத்தின் நம்பர் ஒன். அவர் தன் வேலையைச் சுத்தமாக முடித்தார், கெனிச்சி டாகோவை நேர் செட்டில் அடித்தார். ஆனால் மோதல் 2-2 என்று வந்து நின்றது. கடைசி ஆட்டம், மூன்றாவது சிங்கிள்ஸ். ஜப்பானின் டகுமா உவேதா, மலேசியாவின் டேரன் லியூவை மூன்று கேமில் வீழ்த்தினார். ஜப்பானுக்கு முதல் தாமஸ் கோப்பை. உவேதா என்ற பெயரை இன்றைக்கு எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? லீ சோங் வெய்யைத் தெரியாத ஷட்டில் ரசிகர் கிடையாது, அவரோ ஒரு தாமஸ் கோப்பைகூட இல்லாமல்தான் ராக்கெட்டைக் கீழே வைத்தார்.

2016, சீனாவின் குன்ஷான். டென்மார்க்கும் இந்தோனேசியாவும், மறுபடியும் 2-2. டென்மார்க் அணியில் ஆக்சல்சன் இருந்தார், யோர்கென்சன் இருந்தார், ஆனால் கோப்பையை முடித்துவைத்தது மூன்றாவது சிங்கிள்ஸ் ஆடிய ஹான்ஸ் கிறிஸ்டியன் விட்டிங்கஸ். 1949இல் முதல் ஃபைனல் தோற்ற நாடு அது, நடுவில் எத்தனையோ ஃபைனல் வந்து எல்லாவற்றையும் விட்டது. கடைசியில் மூன்றாவது ஆள்தான் கரை சேர்த்தார்.

நடுவில் 1967

இதை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. என் வாதத்துக்கு நேரடியாக உதவாது என்றாலும், தாமஸ் கோப்பை வரலாற்றில் இதைவிடச் சூடான ராத்திரி வேறு இல்லை.

ஜகார்த்தா, இந்தோனேசியாவும் மலேசியாவும். இரண்டு பக்கத்து நாடுகள், அதற்குச் சில வருடம் முன்புதான் நிஜமாகவே துப்பாக்கி தூக்கி மோதிக்கொண்டவை. ஒன்பது ஆட்டத்தில் மலேசியா 4-3 முன்னிலை, எட்டாவது ஆட்டம் நடக்கிறது, மலேசியா அதை எடுத்தால் கதை முடிந்தது. அரங்கத்தில் கூட்டம் கொந்தளித்து ஆட்டத்தையே குலைக்க ஆரம்பித்தது. ரெஃப்ரி ஹெர்பர்ட் ஷீல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். மிச்சத்தை நியூசிலாந்தில் போய் ஆடி முடியுங்கள் என்று சம்மேளனம் உத்தரவு போட்டது. இந்தோனேசியா வர மாட்டேன் என்றது. மீதி ஆட்டங்களை மலேசியாவுக்கே எழுதி 6-3 என்று கணக்கை மூடினார்கள். மூன்று வருடம் கழித்து, 1970இல், இந்தோனேசியா கோலாலம்பூருக்கே போய் 7-2 என்று அடித்துக் கோப்பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தது. அதைவிடச் சரியான பதில் இருக்க முடியாது.

அந்த 1970 மலேசிய அணியில் ஆடிய பஞ்ச் குணாளனைப் பற்றி ஒரு வரி. பெயரைப் பார்த்தாலே தெரியும், நம்ம பக்கத்து வேர். பிற்பாடு சம்மேளன நிர்வாகத்துக்குப் போய், 2006இல் வந்த 21 பாயிண்ட் முறைக்காக முன்னால் நின்று வாதாடியவர் அவர். அதற்கு முன்னால் சர்வீஸ் கையில் இருந்தால்தான் பாயிண்ட். இன்றைக்கு எங்கள் ஊர் கோர்ட்டில் சர்வீஸ் யார் போட்டாலும் பாயிண்ட் எண்ணுகிறோமே, அதில் அவர் பங்கு இருக்கிறது. பழைய ஆட்கள் சிலர் இன்னும் அவரைத் திட்டுகிறார்கள், அது வேறு விஷயம்.

பாங்காக், 2022 மே

சரி, நம் கதைக்கு வருவோம். குரூப் கட்டத்தில் ஜெர்மனியை 5-0, கனடாவை 5-0, அப்புறம் சீன தைபேயிடம் 2-3 தோல்வி. இதுவரை ஒன்றும் விசேஷம் இல்லை. விசேஷம் நாக் அவுட்டில்தான்.

அணியின் வரிசை: முதல் சிங்கிள்ஸ் லக்‌ஷயா சென், இரண்டாவது கிடாம்பி ஸ்ரீகாந்த், மூன்றாவது எச்.எஸ். பிரணாய். முதல் டபுள்ஸ் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியும் சிராக் ஷெட்டியும். இரண்டாவது டபுள்ஸ் கிருஷ்ண பிரசாத், விஷ்ணுவர்தன் கவுட்.

கால் இறுதி மலேசியாவோடு. லக்‌ஷயா, லீ ஜி ஜியாவிடம் தோற்றார். சாத்விக்-சிராக் ஜெயித்தார்கள். ஸ்ரீகாந்த் ஜெயித்தார். இரண்டாவது டபுள்ஸ் தோல்வி. 2-2. பிரணாய் இறங்கி லியோங் ஜுன் ஹாவை 21-13, 21-8 என்று முடித்தார்.

அரையிறுதி டென்மார்க்கோடு. லக்‌ஷயா, ஆக்சல்சனிடம் தோற்றார். சாத்விக்-சிராக் மூன்று கேம் ஆடி, கடைசி கேம் 22-20 என்று உயிரைக் கையில் பிடித்து ஜெயித்தார்கள். ஸ்ரீகாந்த், ஆண்டர்ஸ் ஆன்டன்சனை மூன்று கேமில் ஜெயித்தார். இரண்டாவது டபுள்ஸ் தோல்வி. மறுபடியும் 2-2, மறுபடியும் பிரணாய்.

ஒன்றைக் கவனித்தீர்களா? இரண்டு மோதலும் அச்சு அசல் ஒரே மாதிரி. முதல் ஆள் தோற்கிறார், இரண்டாவது ஜோடி தோற்கிறது, நடுவில் இருப்பவர்களும் கடைசி ஆளும் சேர்த்து மூன்று பாயிண்ட் கொண்டுவருகிறார்கள். முந்தைய தலைமுறை இந்திய அணி முதல் ஆட்டத்தைத் தோற்றிருந்தால் அங்கேயே மூட்டை கட்டியிருக்கும், ஏனென்றால் முதல் ஆட்டம் மட்டும்தான் நம்பிக்கையே.

ராஸ்மஸ் கெம்கேவோடு பிரணாய் ஆடிய ஆட்டத்தை நான் நாலைந்து தடவை பார்த்திருப்பேன். முதல் கேமிலேயே வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிக்கொண்டது. சிகிச்சை எடுத்துக்கொண்டு மறுபடி நின்றார், ஆனால் நொண்டல் தெரிகிறது, 13-21 என்று கேம் போய்விட்டது. எனக்கெல்லாம் நம்பிக்கை விட்டுப்போச்சு. அப்புறம் அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா, காலைக் குறைவாக ஓடவைத்து, கையால் ஆட ஆரம்பித்தார். சீக்கிரமே தாக்குவது, கெம்கேவை மூலைக்கு மூலை இழுப்பது, நீண்ட ரேலி வருவதற்கு முன்னாலேயே முடிப்பது. 21-9, 21-12. உலகத் தரவரிசையில் அப்போது 23ஆம் இடத்தில் இருந்தவர். 23ஆம் இடத்துக்காரர் ஒரு நாட்டின் மூன்றாவது ஆளாக இருக்கிறார் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. எதிரி அணிகளின் மூன்றாவது ஆளோடு ஒப்பிட்டால் அது பெரிய சொத்து.

டபுள்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் சாயந்திரம் எந்த சிமெண்ட் கோர்ட்டுக்குப் போனாலும் பத்து பேர் காத்திருப்பார்கள், ஒரே நெட்டு, மலைக்காற்று வேறு இறகுப் பந்தைத் தள்ளிக்கொண்டு போகும். அதனால் சிங்கிள்ஸ் என்ற பேச்சே இல்லை. நாலு பேர் ஆடு, ஒரு கேம், தோற்றவர் வெளியே. ஊர் முழுக்க டபுள்ஸ்காரர்கள். ஆனால் பையன் கொஞ்சம் நன்றாக ஆடிவிட்டால் ஓசூர், பெங்களூர் என்று அகாடமிக்கு அனுப்புகிற அப்பா அம்மா கேட்பது சிங்கிள்ஸ்தான். பேரும் படமும் பேப்பரில் வருவது அதில்தானே. நாடு முழுக்க இந்த மனப்பான்மை இருந்த இடத்தில், சாத்விக்கையும் சிராக்கையும் ஜோடி சேர்த்தவர் ஒரு மலேசியக்காரர், பயிற்சியாளர் டான் கிம் ஹெர். ஆந்திராவின் அமலாபுரத்துப் பையனும் மும்பைப் பையனும், இரண்டு பேருமே உயரம், இரண்டு பேருமே பின்கோர்ட்டில் அடித்துப் பழகியவர்கள். வழக்கமான புத்தி ஒருவரை முன்னால் ஆடுகிறவராகத் தேடியிருக்கும். அந்த ஜோடி இல்லாமல் 2022இல் கால் இறுதியே தாண்டியிருக்க முடியாது.

ஃபைனல். லக்‌ஷயா முதல் கேமை 8-21 என்று விட்டார், எங்கள் மாமா சொன்னதே நடக்கப் போகிறது என்று நினைத்தேன். அடுத்த இரண்டும் 21-17, 21-16. அந்தோணி கிண்டிங் மாதிரி ஒரு ஆளிடமிருந்து. நாக் அவுட்டில் அவருக்குக் கிடைத்த முதல் வெற்றி, வர வேண்டிய நேரத்தில் வந்தது. அப்புறம் சாத்விக்-சிராக், முகமது அசான், கெவின் சஞ்சயா ஜோடியோடு. 18-21 தோற்று, இரண்டாவது கேமில் நான்கு மேட்ச் பாயிண்டைக் காப்பாற்றி 23-21, மூன்றாவது 21-19. அங்கே ஃபோன் சார்ஜ் ஐந்து சதவீதம், மண்டி ஆபீஸில் கெஞ்சி சார்ஜர் வாங்கி, மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டே ஸ்ரீகாந்த் ஆட்டத்தைப் பார்த்தேன். ஜோனதன் கிறிஸ்டியை 21-15, 23-21. பிரணாய் அன்றைக்கு இறங்கவே இல்லை. அவரைக் கூப்பிட வேண்டிய அவசியம் வரவில்லை.

அதிர்ஷ்டம் கிடையாதா என்றால், உண்டு, அதையும் எழுதி வைக்க வேண்டும். கெவினுடைய வழக்கமான கூட்டாளி மார்கஸ் கிதியோன் கணுக்கால் அறுவை சிகிச்சையால் வரவில்லை, அதனால்தான் அசானோடு ஒட்டுப்போட்ட ஜோடி இறங்கியது. இந்தோனேசியா அரையிறுதியில் ஜப்பானோடு 3-2 வரை இழுபட்டுக் களைத்து வந்திருந்தது. இதெல்லாம் சேர்ந்தும் ஒரு தடவை கதவு திறந்தது என்றால், உள்ளே போக ஆள் இருந்ததால்தான் போனோம். 1979இல் கதவு திறந்திருந்தாலும் உள்ளே போக ஐந்து பாயிண்டுக்கு ஆள் இல்லை.

மாமாவிடம் போய் "ஜெயிச்சுட்டோம்" என்றேன். "எத்தனை கிலோ கழிச்சான்னு பாத்தியா?" என்றார்.

ஆய்வு என்று சொல்லிவிட்டு வெற்றியோடு நிறுத்தினால் பாதி ஆய்வுதான். 2024, செங்டு. இந்தியா கோப்பையைத் தற்காத்துக்கொள்ளப் போனது, கால் இறுதியில் சீனாவிடம் 3-1 என்று தோற்றது. பிரணாய் இப்போது முதல் சிங்கிள்ஸ், ஷி யூச்சியிடம் தோற்றார். சாத்விக்-சிராக்கும் தோற்றார்கள். லக்‌ஷயா, லீ ஷி ஃபெங்கை முதல் கேம் போனபின் திரும்பி வந்து அடித்து 2-1 ஆக்கினார். அடுத்து இரண்டாவது டபுள்ஸ். துருவ் கபிலாவும் சாய் பிரதீக்கும், இரண்டு கேமிலும் 10-21. முடிந்தது. சீனா அந்த வருடக் கோப்பையை எடுத்தது, அவர்களுக்கு 11ஆவது.

பாங்காக்கில் இரண்டு தடவை தோற்று, மற்றவர்கள் மூடி மறைத்த அதே இரண்டாவது டபுள்ஸ் இடம். செங்டுவில் மறைக்க யாரும் இல்லை. மூன்றாவது சிங்கிள்ஸ் ஆட வேண்டியவர் வார்ம் அப் முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பார், அவர் முறை வரவே இல்லை.